நோயாளிக்குக் காப்பீடு என்ன விலைக்கு? மெக்ஆர்தர், ஆண்டி கிம் கொள்கைகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

2018 நவம்பரில் நடந்த அமெரிக்க இடைக்காலத் தேர்தலில் நாடு முழுவதும் மருத்துவக் காப்பீடு பெரும் பேச்சாக இருந்தது. நியூஜெர்சி மாநிலத்தின் 3-ஆவது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதியில் அந்தப் பேச்சு ஒரு தனி மனிதரின் கையெழுத்தைப் பற்றியதாகவே ஆகிவிட்டது. அங்கே மீண்டும் போட்டியிட்ட குடியரசுக் கட்சி உறுப்பினர் டாம் மெக்ஆர்தர், ஒபாமாகேரை நீக்கும் மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்ததோடு நிற்கவில்லை. 2017 மார்ச் 24 அன்று போதிய ஆதரவில்லாமல் கைவிடப்பட்ட அந்த மசோதாவுக்கு மீண்டும் உயிர் கொடுத்த திருத்தத்தை எழுதியவரே அவர்தான். அவரை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் ஆண்டி கிம், வெளியுறவுத் துறையிலும் வெள்ளை மாளிகையின் தேசியப் பாதுகாப்புக் குழுவிலும் பணியாற்றியவர். மெக்ஆர்தர் அந்த மசோதாவுக்காகச் செய்த வேலையே தம்மைத் தேர்தலில் நிற்கத் தூண்டியது என்று சொன்னவர். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயாளிக்குக் காப்பீடு மறுக்கப்படாது என்ற வாக்குறுதியை மெக்ஆர்தரின் திட்டம் எழுத்தில் வைத்துக்கொண்டது. அந்தக் காப்பீட்டின் விலையை மட்டும் கட்டுப்பாட்டிலிருந்து அவிழ்த்துவிட்டது. கிம்மின் திட்டத்திலும் குறைகள் உண்டு, ஆனால் இந்தக் குறை இல்லை.

இதைப் புரிந்துகொள்ள, ஒபாமாகேர் எனப்படும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் எப்படி இயங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். வேலை தரும் நிறுவனம் வழியாகக் காப்பீடு கிடைக்காமல் தாமே சந்தையில் வாங்கிக்கொள்பவர்களுக்கு அந்தச் சட்டம் மூன்று உறுதிகளை அளித்தது. ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று காரணம் காட்டி எந்த நிறுவனமும் காப்பீட்டை விற்க மறுக்கக் கூடாது. ஒரே பகுதியில் வாழும் ஒரே வயதினரிடம் உடல்நிலையைப் பார்த்து வெவ்வேறு பிரீமியம் வாங்கக் கூடாது. மகப்பேறு, மனநலச் சிகிச்சை, போதைப் பழக்கத்திலிருந்து மீட்கும் சிகிச்சை, மருந்துகள் முதலிய பத்து வகைச் சேவைகள் எல்லாத் திட்டங்களிலும் அடங்கியிருக்க வேண்டும். இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. புற்றுநோய் கண்டவருக்கு விற்க மறுக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி, அவரிடம் பத்து மடங்கு கட்டணம் கேட்கலாம் என்று விட்டுவிட்டால், அவருக்கு அந்த உரிமையால் பயன் ஏதும் இல்லை.

மெக்ஆர்தரின் திருத்தம் கைவைத்தது சரியாக இந்த இடத்தில்தான். குடியரசுக் கட்சியின் மிதவாதிகள் குழுவில் தலைமைப் பொறுப்பில் இருந்த அவர், தீவிர வலதுசாரிக் குழுவின் தலைவர் மார்க் மெடோஸுடன் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். அதன்படி, மாநில அரசு விண்ணப்பித்து அந்தச் சட்டத்தின் விதிகளிலிருந்து விலக்குப் பெற்றால், அத்தியாவசியச் சேவைகளின் பட்டியலைத் தானே மாற்றி வகுத்துக்கொள்ளலாம். அறுபத்து மூன்று நாட்களோ அதற்கு மேலோ காப்பீடு இல்லாமல் இருந்துவிட்டு மீண்டும் வாங்க வருபவரிடம், அவருடைய நோய் வரலாற்றைப் பார்த்துக் காப்பீட்டு நிறுவனங்கள் ஓராண்டுக்குக் கட்டணம் நிர்ணயிக்க அனுமதிக்கலாம். வேலை போய்ச் சில மாதங்கள் காப்பீடு கட்ட முடியாமல் போவது நோயாளிகளுக்கே அதிகம் நேர்வது. மெக்ஆர்தர் பல ஆண்டுகள் காப்பீட்டுத் துறையில் நிறுவனத் தலைவராக இருந்தவர். இந்த விதி யாரைத் தாக்கும் என்பதை அறியாதவர் அல்லர். அதனால்தான் அவர்மீதான விமர்சனம் கடுமையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2017 மே 4 அன்று பிரதிநிதிகள் சபை 217-க்கு 213 என்ற வாக்குகளில் மசோதாவை நிறைவேற்றியது. திருத்தப்பட்ட மசோதாவுக்குக் காங்கிரஸின் வரவுசெலவு அலுவலகம் தன் மதிப்பீட்டை வெளியிடும்வரை கூடச் சபை காத்திருக்கவில்லை. மே 24 அன்று வெளியான அந்த மதிப்பீடு, 2026-ஆம் ஆண்டுக்குள் நடப்புச் சட்டத்தின்கீழ் இருப்பதைவிட 2 கோடியே 30 லட்சம் பேர் கூடுதலாகக் காப்பீடு இன்றி இருப்பார்கள் என்று கணித்தது. விலக்குப் பெறும் மாநிலங்களில் நோய் உள்ளவர்களின் கட்டணம் காலப்போக்கில் அவர்களால் வாங்கவே முடியாத அளவுக்கு ஏறிவிடக்கூடும் என்பதையும், நாட்டு மக்களில் ஆறில் ஒரு பங்கினர் வாழும் பகுதிகளில் தனிநபர் காப்பீட்டுச் சந்தை 2020 முதல் நிலைகுலையத் தொடங்கும் என்பதையும் அது குறிப்பிட்டது. ஆண்டுக்கு 26,500 டாலர் வருமானமுள்ள 64 வயதுக்காரர், நடப்புச் சட்டத்தில் மானியம் போக 1,700 டாலர் கட்டும் இடத்தில், புதிய மசோதாவின்கீழ் விலக்குப் பெறாத மாநிலத்தில் 16,100 டாலர் கட்ட வேண்டியிருக்கும். அவருடைய வருமானத்தில் பாதிக்கும் மேற்பட்ட தொகை அது. முதியவரிடம் இளைஞரைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்ற வரம்பை மசோதா ஐந்து மடங்காக உயர்த்தியதும், வருமானத்தைப் பார்த்துத் தரப்பட்ட மானியத்துக்குப் பதிலாக வயதைப் பார்த்து 2,000 முதல் 4,000 டாலர் வரை வரிச்சலுகை தந்ததும் இதற்குக் காரணங்கள். ஓய்வுபெற்றோரின் குடியிருப்புகள் நிறைந்த ஓஷன் மாவட்டத்தின் ஒரு பகுதி அப்போது இந்தத் தொகுதியில் இருந்தது. அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கிடைக்கும் 65 வயதை இன்னும் எட்டாமல் காத்திருந்தவர்களின் பிரதிநிதி இதற்கு வாக்களித்தார் என்பதை எளிதில் கடந்துபோக முடியவில்லை.

மெக்ஆர்தர் தரப்பின் பதில்களையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். ஒபாமாகேர் சந்தையில் கட்டணங்கள் ஏறிக்கொண்டிருந்தன, நிறுவனங்கள் விலகிக்கொண்டிருந்தன என்றார்கள், அது உண்மை. விலக்குக் கேட்கும் மாநிலங்கள் நோயாளிகளுக்கென்று தனிக் காப்பீட்டு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும், அதற்கு நிதியும் உண்டு என்றார்கள். கடைசி நேரத்தில் அதற்காக மேலும் 800 கோடி டாலர் ஐந்தாண்டுகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் அந்தத் தனி ஏற்பாடு அமெரிக்காவில் ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று. 2010-க்கு முன் முப்பத்தைந்து மாநிலங்கள் அப்படிப்பட்ட அமைப்புகளை நடத்தின. அதிகக் கட்டணம், குறிப்பிட்ட நோய்க்கான சிகிச்சைக்குப் பல மாதக் காத்திருப்பு, சில மாநிலங்களில் சேர்க்கைக்கே உச்சவரம்பு என்று அவை பெரும்பாலும் திணறின. 2014 வரைக்குமான இடைக்கால ஏற்பாடாக மத்திய அரசே 500 கோடி டாலரில் தொடங்கிய திட்டம், பணம் போதாது என்று கண்டு 2013-இன் தொடக்கத்திலேயே புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. இந்த அனுபவம் கண்முன் இருக்கும்போது, நாடு தழுவிய விலக்குக்கு 800 கோடி போதும் என்று சொன்னது பொறுப்பான வாதம் ஆகாது.

நியூஜெர்சி விலக்குக் கேட்காது, ஆகவே நம் தொகுதிக்கு ஆபத்தில்லை என்பது இன்னொரு பதில். காங்கிரஸ் உறுப்பினர் இயற்றுவது நாடு முழுமைக்குமான சட்டம் என்பதால் இந்தப் பதில் பலவீனமானது. அதோடு, இந்த மாநிலத்தின் வரலாறே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 1992-இல் நியூஜெர்சி, எல்லோருக்கும் விற்க வேண்டும், உடல்நிலை பார்த்து விலை வைக்கக் கூடாது என்று தானே சட்டம் இயற்றியது. எல்லோரும் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும், ஏழைகளுக்கு நிலையான மானியமும் அதனுடன் சேரவில்லை. ஆரோக்கியமானவர்கள் விலக, நோயாளிகள் மட்டும் தங்க, கட்டணம் ஏறிக்கொண்டே போனது. 1990-களின் நடுவில் இருந்த சேர்க்கை, 2001-க்குள் பாதியாகச் சுருங்கியது. பாதுகாப்பு விதிகளைத் தாங்குவது மானியமும் பரவலான சேர்க்கையும்தான் என்ற பாடத்தை வேறெந்த மாநிலத்தையும்விட நியூஜெர்சி நன்றாகக் கற்றிருக்க வேண்டும். மெக்ஆர்தர் வாக்களித்த மசோதா மாநிலங்கள் அனைத்திலும் மானியத்தைக் குறைத்தது, கட்டாயத்தையும் நீக்கியது. அது செனட்டில் நிறைவேறாமல் போன பிறகு, 2017 டிசம்பரில் அவர் ஆதரித்த வரிச்சட்டம் காப்பீடு வாங்காதவர்களுக்கான அபராதத்தை 2019 முதல் பூஜ்யமாக்கியது. நியூஜெர்சி உறுப்பினர்களில் அதற்கு இறுதி வாக்கெடுப்பில் ஆதரவளித்தவர் அவர் ஒருவரே. மாநில அரசு 2018-இல் தனக்கென ஒரு கட்டாயச் சட்டத்தை இயற்றி அந்த ஓட்டையை அடைக்க வேண்டியிருந்தது.

அவருடைய கொள்கையில் என்னை மிகவும் வருத்துவது ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைப் பிரச்சினை. ஹெராயின் சிக்கலுக்கான இருகட்சிக் குழுவின் இணைத் தலைவராக அவர் இருந்தார். அந்தப் பணியில் அவருக்கு இருந்த அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஓஷன் மாவட்டம் அந்தப் போதையால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. ஆனால் மீட்புச் சிகிச்சைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? காப்பீட்டில் அடங்கியே ஆக வேண்டிய பத்துச் சேவைகளில் அதுவும் ஒன்று என்பதாலும், வறியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டு 2014-இல் விரிவாக்கப்பட்டதாலும்தான் பெரும்பகுதி வருகிறது. முதலாவதை அவர் திருத்தம் மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. இரண்டாவதை அவர் வாக்களித்த மசோதா வெட்டியது: மெடிகெய்டுக்கான மத்திய அரசுச் செலவில் பத்தாண்டுகளில் 83,400 கோடி டாலர் குறைப்பு. குழுவில் அமர்ந்து மானியங்களைப் பரிந்துரைப்பதும், அந்தச் சிகிச்சையைத் தாங்கும் இரண்டு தூண்களையும் அசைப்பதும் ஒரே கொள்கைக்குள் பொருந்த முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆயுள்காலச் செலவுக்கு உச்சவரம்பு வைக்கக் கூடாது என்ற 2010 சட்டத்தின் விதி, அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே பொருந்தும். பட்டியல் சுருங்கினால் வரம்பு திரும்பி வரும். தீவிர உடல்குறைபாட்டோடு பிறந்த மகளை அவருடைய 11 வயதில் இழந்த தகப்பன் மெக்ஆர்தர். அதை அவரே பொதுவெளியில் பேசியிருக்கிறார். அந்தத் துயரத்தை மதிக்கிறேன். அப்படிப்பட்ட குழந்தைகளை வளர்க்கும் மற்றக் குடும்பங்களுக்குத்தான் இந்த உச்சவரம்பு முதலில் வந்து சேரும் என்பதால், 2017 மே மாதம் வில்லிங்பரோவில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நடந்த மக்கள் கூட்டத்தில் தொகுதி மக்கள் அவரிடம் காட்டிய கோபத்தையும் மதிக்கிறேன். அவர் ஓடி ஒளியாமல் அத்தனை நேரம் நின்று பதில் சொன்னார் என்பது அவருக்குரிய பெருமை.

கிம்மின் பக்கம் வருவோம். அவருடைய திட்டம் மூன்று வரிகளில் அடங்கக் கூடியது: இருக்கும் சட்டத்தைக் காப்பது, மெடிகெய்டைக் குறைக்காமல் இருப்பது, மெடிகேர் திட்டம் மருந்து நிறுவனங்களோடு பேரம் பேசி விலையைக் குறைக்க அனுமதிப்பது. அரசே எல்லோருக்கும் காப்பீடு தரும் முறையை அவர் தம் பிரசாரத்தின் மையமாக்கவில்லை. 2016-இல் டிரம்ப் வென்ற தொகுதியில் அது விவேகமான தேர்வு என்று பலர் சொன்னார்கள். எனக்கு அதில் முழு நிறைவு இல்லை. கூட்டாட்சி வறுமைக்கோட்டு வருமானத்தைப்போல் நான்கு மடங்குக்குச் சற்று மேலே சம்பாதித்தவருக்கு 2010 சட்டம் ஒரு டாலர்கூட மானியம் தரவில்லை. சிறு கடை வைத்திருப்பவர், தனியாகத் தொழில் செய்பவர் முழுக் கட்டணத்தையும் தாமே சுமந்தார்கள். ஒபாமாகேர் மீதிருந்த நியாயமான கோபத்தின் பெரும்பகுதி இங்கிருந்துதான் வந்தது. மெக்ஆர்தர் அந்தக் கோபத்தைக் கண்டுகொண்டார், தீர்வைத் தவறான இடத்தில் தேடினார். இருப்பதைக் காப்போம் என்று மட்டும் சொல்லும் வேட்பாளர் அந்தக் கோபத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை.

சமூகநலத்தில் இருவருக்கும் இடைவெளி இன்னும் அகலம். மெக்ஆர்தர் ஆதரித்த மசோதா, மெடிகெய்டு பெறும் வயதுவந்தோர் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மாநிலங்கள் விதிக்க இடம் தந்தது. பெண்கள் நல மருத்துவமனைகளை நடத்தும் பிளான்டு பேரன்ட்ஹுட் அமைப்புக்கு ஓராண்டுக்கு மத்திய நிதியை நிறுத்தியது. வேலை நிபந்தனை காதுக்கு நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆர்கன்சாஸ் 2018 ஜூனில் தனி அனுமதியின்பேரில் அதைச் செயல்படுத்தியபோது, ஆண்டு முடிவதற்குள் சுமார் 18,000 பேர் காப்பீட்டை இழந்தார்கள். வேலை செய்துகொண்டிருந்தும் மாதாமாதம் அதைப் பதிவுசெய்யத் தெரியாமலோ முடியாமலோ போனவர்கள் அவர்களில் உண்டு. 2019 மார்ச்சில் நீதிமன்றம் அதை நிறுத்தியது. ஒரு படிவம் நிரப்பாததற்காகச் சர்க்கரை நோயாளியின் மருந்தை நிறுத்துவது வேலைக்கு ஊக்கம் தருவதாகாது.

தேர்தலில் கிம் சுமார் 4,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பர்லிங்டன் மாவட்டம் அவருக்கும், ஓஷன் மாவட்டம் மெக்ஆர்தருக்கும் ஆதரவாக நின்றன. கிம் சொன்ன மருந்து விலைப் பேரம் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிறைவேறியது. மெடிகேர் பயனாளிகளின் இன்சுலின் செலவும் மாதத்துக்கு 35 டாலருக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. அவர் சொல்லாமல் விட்ட நடுத்தர வருமானத்தாருக்கான மானியம் 2021-இல்தான் வந்தது, அதுவும் தற்காலிக ஏற்பாடாக; 2022-இல் அது 2025 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. மெடிகெய்டு வேலை நிபந்தனை 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின் வழியாக, இம்முறை நாடு தழுவிய விதியாக, திரும்பி வந்திருக்கிறது. இப்போது செனட் உறுப்பினராக இருக்கும் கிம் அதை எதிர்த்து வாக்களித்தார். மாதத்துக்கு 80 மணி நேர வேலையைக் கணக்குக் காட்டும் அந்த விதி 2027 ஜனவரிக்குள் மாநிலங்களில் நடைமுறைக்கு வர வேண்டும்.