ஆலப்புழையா, கன்னியாகுமரியா? தண்ணீர், கோயில், தேவாலயம் மூன்றும் கேட்கும் குடும்பங்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் யாராவது இந்தியாவுக்குக் கிளம்பினால் பெரும்பாலும் பாதை ஒன்றுதான். சென்னையில் இறங்கி, தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம், திரும்பும் வழியில் வேளாங்கண்ணி, கடைசி நாள் தி.நகரில் சேலை. பாதிப் பயணம் பேருந்து இருக்கையிலேயே போய்விடும். இப்போது கொஞ்ச காலமாக வேறு மாதிரி கேட்கிறார்கள்: ஒரே இடத்தில் தங்க வேண்டும், தண்ணீரில் போக வேண்டும், சாமியும் கும்பிட வேண்டும். கேட்கிற குடும்பங்களும் கலப்பானவை. ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீ மிதித்த பெரியப்பாவும், ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு மெழுகுவர்த்தியோடு போகும் சித்தியும் ஒரே வேனில் ஏறுவார்கள்.

அவர்களுக்கு ஏற்ற மாவட்டங்கள் என்று நான் நினைப்பது இரண்டு. கேரளத்து ஆலப்புழை ஒன்று, தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி இன்னொன்று. இரண்டும் திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தவை. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆலப்புழை 1957-ல் தனி மாவட்டமானது. அதனால் ஓட்டு வீடுகள், கோயில் நடைமுறை, குழம்பில் தேங்காய் எல்லாவற்றிலும் ஒரு சொந்தம் தெரியும். தண்ணீர் என்று வரும்போதுதான் இரண்டும் பிரிகின்றன.

தண்ணீரில் ஆலப்புழைக்குப் போட்டியே கிடையாது. இந்தியாவிலேயே நீளமான ஏரியான வேம்பநாட்டுக் காயல் அங்கேதான் விரிந்து கிடக்கிறது. அதையொட்டிய குட்டநாட்டில் கடல் மட்டத்தைவிடத் தாழ்வான நிலத்தில் நெல் விளைகிறது. சில வயல்கள் இரண்டு மீட்டருக்கும் மேல் தாழ்வு. காயலுக்கும் வயலுக்கும் நடுவில் மண் வரப்பு கட்டி, உள்ளே சேரும் தண்ணீரை இறைத்து வெளியேற்றித்தான் பயிர் செய்கிறார்கள். கோடையில் கடல் உப்பு உள்ளே வராமலிருக்கத் தண்ணீர்முக்கத்தில் ஒரு தடுப்பணை இருக்கிறது. படகில் உட்கார்ந்து பார்த்தால் தண்ணீர் மேலேயும் வயல் கீழேயும் தெரியும். தோட்டத்தில் அல்லூர் என்ற வடிகால் வெட்டித் தண்ணீரை வடியவைத்த பழைய ஆட்கள் இதை எல்லாரையும்விட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

ஆனால் இந்தத் தண்ணீரை எதில் ஏறிப் பார்ப்பது என்பதில் நான் பலரோடு மாறுபடுகிறேன். முகவர்கள் முதலில் காட்டுவது படகு வீடு. கயிற்றால் பலகைகளைத் தைத்து, ஆணி இல்லாமல் கட்டிய பழைய கெட்டுவள்ளம், நெல்லும் சரக்கும் ஏற்றிய படகு, அதுதான் இன்று குளிர்சாதன அறையோடு வீடாகியிருக்கிறது. நண்பகலில் ஏற்றுவார்கள், மறுநாள் காலை இறக்குவார்கள். நடுவே சாயங்காலம் ஐந்தரை வாக்கில் படகைக் கரையில் கட்டிவிட வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு காயல் வலை போடும் மீனவர்களுக்கு உரியது. அது நியாயமான ஏற்பாடு. ஆனால் ஓர் இரவுக்கான பணத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் உண்மையில் நகர்வது சில மணி நேரம்தான். ஆண்டு இறுதி விடுமுறையில் புன்னமடைப் பக்கம் படகு வீடுகள் வரிசைகட்டி நிற்கும். ஜெனரேட்டர் சத்தம் ஓயாது. பெரிய படகு என்பதால் சின்ன வாய்க்கால்களுக்குள் நுழையவும் முடியாது.

என்னுடைய தேர்வு கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகு. ஆலப்புழைப் படகுத் துறையிலிருந்து கோட்டயம் போகும் படகில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரம். கட்டணம் நம் மலேசியக் காசுக்கு இரண்டு வெள்ளிக்குள் (ரிங்கிட்) அடங்கும். முன்னால் நின்று சுக்கான் பிடிப்பவர் ஸ்ராங்க். எஞ்சினைப் பார்த்துக்கொள்பவர் படகின் நடுவில், அவருடைய கண்ணுக்குக் கரை தெரியாது. ஸ்ராங்க் கயிற்றை இழுத்து மணியடிப்பார். அந்த மணிக்கணக்கை வைத்தே கீழே வேகம் கூடும், குறையும், நிற்கும். ஒவ்வொரு துறையிலும் பள்ளிச் சீருடையில் பிள்ளைகள், கூடை வைத்த அம்மாக்கள், ஒரு கட்டு வாழைக்காய் ஏறும் இறங்கும். வீட்டுப் படிக்கட்டு நேராகத் தண்ணீரில் இறங்குகிறது; அதில் உட்கார்ந்து ஒருவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டே படகிலிருக்கும் உறவுக்காரரிடம் விசாரிப்பார். அங்கே தண்ணீர்தான் சாலை என்பது அந்தப் படகில்தான் தெரியும். சின்ன வாய்க்கால்களுக்கு அரை நாள் ஷிகாரா என்ற சின்னக் கூரைப் படகு எடுத்துக்கொண்டால் போதும். இரவுத் தங்கல் கரையில், நல்ல கழிப்பறை உள்ள ஒரு வீட்டுத் தங்குவிடுதியில். வயதானவர்கள் இருந்தால் இதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

கன்னியாகுமரியில் தண்ணீர் என்றால் கடல். விவேகானந்தர் பாறைக்குப் படகு, பக்கத்தில் 133 அடி வள்ளுவர் சிலை, 2024 டிசம்பர் கடைசியில் இரண்டையும் இணைத்துத் திறந்த கண்ணாடிப் பாலம். பார்க்க வேண்டியதுதான். ஆனால் வரிசை நீளம், கடல் சீறினாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ படகை நிறுத்திவிடுவார்கள். உள்நாட்டு நீர்வழி ஒன்றும் ஒரு காலத்தில் இருந்தது. திருவனந்தபுரத்தையும் குமரியையும் இணைக்க 1860-ல் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். இன்று அது பல இடங்களில் தூர்ந்து, ஆக்கிரமிக்கப்பட்டு, குப்பையோடு கிடக்கிறது. ஆலப்புழையைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் வயிறு எரியும். மணக்குடிக் கழிமுகமும், பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீரைச் சுமந்து போகும் மாத்தூர் தொட்டிப் பாலமும் கொஞ்சம் ஆறுதல்.

கோயில் என்று வந்தால் கணக்கு மாறுகிறது. ஆலப்புழைக் கோயில்கள் அழகானவை, ஆனால் அடக்கமானவை. அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலில் பால்பாயசம் பிரசாதம். பாலும் அரிசியும் சர்க்கரையும் நெடுநேரம் வற்றி, இளஞ்சிவப்பு நிறத்துக்கு வந்திருக்கும். துள்ளல் கலையைத் தந்த குஞ்சன் நம்பியார் வாழ்ந்த இடமும் அதுதான். ஹரிப்பாட்டுக்குப் பக்கத்தில் மண்ணாறசாலை நாகராஜா கோயில். காவு என்ற புனிதத் தோப்புக்குள் நுழைந்தால் மரத்தடியெல்லாம் ஆயிரக்கணக்கான கல் நாகங்கள். அங்கே தலைமைப் பூசை செய்வது அந்தக் குடும்பத்தின் மூத்த பெண்மணி. பிள்ளைவரம் கேட்டு வரும் தம்பதிகள் வெண்கல உருளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்கள், குழந்தை பிறந்ததும் வந்து நிமிர்த்துவார்கள். தோட்டத்துப் புற்றுக்கோயிலில் பால் ஊற்றி வளர்ந்த நமக்கு அந்தக் காவு அந்நியமாகத் தோன்றாது.

இருந்தாலும், பெரிய கோயில் பார்த்த நிறைவு வேண்டுமானால் சுசீந்திரம்தான். சிவன், திருமால், பிரமன் மூவரும் சேர்ந்த தாணுமாலயன். 134 அடிக் கோபுரம், தட்டினால் இசை தரும் தூண்கள், 18 அடி அனுமாருக்கு வெண்ணெய்க் காப்பு. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 400 ஆண்டுகளுக்கு மேல் கழித்து 2022 ஜூலையில் குடமுழுக்கு நடந்தது. 22 அடி நீளத்தில் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல் வழியாகப் பார்க்க வேண்டும். மாசியில் போனால் மண்டைக்காடு பகவதி கொடைவிழா. பெண்கள் இருமுடி கட்டி வருகிற கோயில் அது, மூலவர் வளர்ந்து நிற்கும் புற்று. கோயில்களுக்கு என் ஓட்டு குமரிக்கே.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுங்கள். கேரளக் கோயில்கள் பெரும்பாலானவற்றில் இந்துக்கள் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். குமரி பகவதி அம்மன் கோயிலிலும் அதே வழக்கம். கலப்புக் குடும்பத்தில் மருமகளை வாசலில் நிற்கவைத்துவிட்டு மற்றவர்கள் உள்ளே போவது அவருக்கு வலிக்கும். யார் எங்கே காத்திருப்பது, அந்த நேரத்தில் வேறு எதைப் பார்ப்பது என்று முதலிலேயே முடிவு செய்தால் மனத்தாங்கல் வராது.

இப்போது தேவாலயங்கள். இங்கேதான் நான் நீண்ட நேரம் யோசித்தேன்.

குமரிப் பக்கம் வரலாறு கனமானது, அதில் ஒரு இழை நம் நாட்டையும் தொடுகிறது. கோட்டாறு பேராலயம் புனித சவேரியார் பெயரில் உள்ளது. இந்தக் கடற்கரையில் போதித்த அதே சவேரியார்தான் மலாக்காவுக்கும் வந்தார். இறந்த பிறகு 1553-ல் அவர் உடல் மலாக்காவின் செயின்ட் பால் குன்றில் சில மாதங்கள் இருந்து, பிறகு கோவாவுக்குப் போனது. அந்தக் குன்றின் வெறும் சுவரைப் பார்த்தவர்கள் கோட்டாற்றில் நின்றால் சட்டென்று இரண்டு கரையும் சேரும். அதே ஆலயத்தில் தேவசகாயம் பிள்ளையின் கல்லறை. நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்து, மார்த்தாண்ட வர்மரின் அரசுப் பணியில் இருந்து, 1745-ல் ஞானஸ்நானம் பெற்று, 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022 மே 15-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார்; இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர். கல்லறை அருகே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எங்கள் பெரியம்மாவைப் பார்த்து, “எந்த ஊருல இருந்து வாறிய மக்கா?” என்று கேட்டார். பெரியம்மா மலேசியா என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படிப் பேச்சு கலப்பது ஆலப்புழையில் நடப்பது சிரமம். தோட்டத்தில் மலையாளிக் கிராணி (எழுத்தர்), டிரசர் (மருந்தகப் பணியாளர்) வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடியவர்கள் மட்டும் அங்கே கொஞ்சம் சமாளிப்பார்கள்.

ஆலப்புழையில் பழமைக்குச் சம்பக்குளம் மரியன்னை ஆலயம், கி.பி. 427-ல் தோன்றியது என்பது மரபு. பம்பை ஆற்றங்கரையில் எடத்துவா புனித ஜார்ஜ் ஆலயம்; ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே 7 வரை நடக்கும் திருவிழாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்தே பெருங்கூட்டம் வரும். ஆனால் என் மனதை மாற்றியது அர்த்துங்கல். சேர்த்தலைக்குப் பக்கத்துக் கடற்கரையில் புனித அந்திரேயா பேராலயம், அங்கே புனித செபஸ்தியாருக்கு ஜனவரி 20-ல் திருவிழா. ஐயப்பனும் அர்த்துங்கல் வெளுத்தச்சன் என்ற வெள்ளைக்காரப் பாதிரியாரும் நண்பர்கள் என்பது அந்த ஊர் நம்பிக்கை. சபரிமலையிலிருந்து இறங்கும் சாமிமார் பலர் அங்கே வந்து வணங்கி மாலையைக் கழற்றுகிறார்கள். கறுப்பு வேட்டிக்காரர் ஒருவர் செபஸ்தியார் முன் கண்மூடி நிற்கிறார், பக்கத்தில் ஒரு மீனவப் பெண் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார், யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் பெரியப்பாவும் சித்தியும் ஒரே நேரத்தில், ஒரே வாசல் வழியாக நுழையக்கூடிய இடம் இந்த இரண்டு மாவட்டங்களிலும் எனக்குத் தெரிந்து இதுபோல் இன்னொன்று இல்லை. வரலாற்றுக்குக் கோட்டாறு என்றாலும், கலப்புக் குடும்பத்துக்கு அர்த்துங்கல் என்றுதான் சொல்வேன்.

ஆக, நேர்த்திக்கடனோடு போகிறவர்கள், தமிழ் மட்டும் பேசும் பாட்டி தாத்தாவோடு போகிறவர்கள் கன்னியாகுமரிக்குப் போங்கள். நாகர்கோவிலில் தங்கினால் சுசீந்திரமும் கோட்டாறும் கைக்கெட்டும் தூரம். இரண்டு மதத்தவரும் கலந்த குடும்பம், நடக்கச் சிரமப்படுபவர்கள் இருந்தாலும் சரி, ஆலப்புழை. உட்கார்ந்தபடியே ஊர் முழுக்கப் பார்க்கலாம்.

கோலாலம்பூரிலிருந்து கொச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. இறங்கி ஆலப்புழைக்கு இரண்டு, இரண்டரை மணி நேரச் சாலை. விடுப்பு கூடுதலாகக் கிடைத்தால் கொச்சியில் இறங்கி, ஆலப்புழை முடித்து, ரயிலில் நாகர்கோவில் போய், திருவனந்தபுரம் வழியாகத் திரும்பலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை கடுமை. வள்ளங்களி என்ற படகுப் போட்டி பார்க்கும் ஆசை இருந்தால் மட்டும் நேரு கோப்பைப் பந்தயத்துக்காக ஆகஸ்டில் போங்கள், தேதியை மட்டும் முன்கூட்டியே சரிபாருங்கள், அண்மையில் மாறியிருக்கிறது. டிசம்பர் 3-ஐ ஒட்டிப் போனால் கோட்டாறு சவேரியார் திருவிழா. ஜனவரி 20-க்கு அர்த்துங்கல் போகிறவர்கள் அறையை ஆலப்புழை நகரிலோ சேர்த்தலையிலோ சில வாரம் முன்னதாகவே பிடித்துவிடுங்கள். தைப்பூச விரதத்தில் இருப்பவர்கள் சைவச் சாப்பாடு என்பதைப் படகிலும் விடுதியிலும் அப்போதே சொல்லிவைப்பது நல்லது, அங்கே கேட்காமலே தட்டில் கரிமீன் வந்துவிடும்.