பள்ளி 'இலவச பல் முகாம்' சீட்டை நம்பிப் போனோம், போனது 34,500 ரூபாய். பெற்றோர் கவனத்துக்கு

நேற்று இரவிலிருந்து வயிறு எரிகிறது, அதனால் கோர்வையாக வருமா தெரியவில்லை. 34,500 ரூபாய். ஆறரை வயது மகளின் வாய்க்கு, ஒரே பில்லில், முன்பணமாக. அந்தப் பணத்தில் வைத்தியம் பார்த்த கடைவாய்ப் பல்லை நேற்று பிடுங்க வேண்டியதாகிவிட்டது.

பெயர் போடவில்லை. 'ஆன்லைனில் எதையாவது எழுதினால் எங்கள் லீகல் டீம் பார்த்துக்கொள்ளும்' என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். ஊருக்குள் பல கிளைகள், வாசலில் பலூன், உள்ளே கார்ட்டூன் ஓடும் டிவி. அந்த வகைத் தனியார் பல் கிளினிக் என்று புரிந்துகொண்டால் போதும்.

பள்ளியில் முகாம் நடத்தினார்கள். டார்ச் அடித்து, ஐஸ் குச்சியால் நாக்கை அமுக்கிப் பார்த்துவிட்டு, டைரியில் சீட்டு ஒட்டி அனுப்பினார்கள்: '7 பல் சொத்தை. உடனே வரவும்.' கீழே கிளினிக் முகவரி. பள்ளி முத்திரையும் இருந்தது. முத்திரையைப் பார்த்தால் எந்தத் தாய்தான் போகாமல் இருப்பாள்?

அங்கே ஒரு டாக்டரம்மா சின்ன கேமராவை வாய்க்குள் விட்டு டிவியில் காட்டினார். அரிசி அளவு பல், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தெரிந்தது. நடுவில் கறுப்பாக ஒரு கோடு. குழந்தை அதைப் பார்த்துவிட்டு என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். தாடை முழுக்க எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். அப்புறம் டாக்டர் எழுந்து போய்விட்டார், 'கோஆர்டினேட்டர்' என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். ரொம்பக் கனிவு. பாப்பாவுக்கு ஸ்டிக்கர் கொடுத்தார். "நானும் ரெண்டு குழந்தைங்களுக்கு அம்மா மேடம். பால் பல்லுதானேன்னு விட்டா சீழ் பிடிச்சு உள்ளே இருக்கற பெர்மனென்ட் பல்லையும் கெடுத்துடும். இடம் போய்டுச்சுன்னா பல் கோணலா வரும், அப்புறம் கம்பி போடணும்" என்றார்.

என்னை இன்னும் அரிப்பது இதுதான்: அவர் சொன்னதில் பொய்யே இல்லை. கடைவாய்ப் பால் பற்கள் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை, பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவை. சொத்தை ஆழமாகப் போனால் சீழ் வைக்கும். எல்லாம் சரி. 'விழப்போற பல்லுக்கு எதுக்கும்மா இவ்வளவு காசு' என்று என் மாமியார் கேட்டதற்கு, இதையே நான் வீட்டில் பாடமாக எடுத்தேன். உண்மையை ஏழு பல்லுக்கும் சேர்த்து விற்றார்கள், அவ்வளவுதான்.

இரண்டு பல்லுக்கு வேர் சிகிச்சையும் (ரூட் கெனால்) ஸ்டீல் மூடியும், மேல் முன்பற்கள் இரண்டுக்கு வெள்ளை மூடி, மூன்று பல்லை அடைப்பது. மொத்தம் 48,000. 'இன்னைக்கே முழுசா கட்டினா 34,500, நாளைக்கு இந்த ரேட் கிடைக்காது மேடம்.' கார்டைத் தேய்த்தேன். ரசீதில் ஒரே வரி: 'டென்டல் பேக்கேஜ், பணம் திருப்பித் தரப்படமாட்டாது.' எந்தப் பல், என்ன வேலை, யார் செய்தார், ஒன்றும் கிடையாது.

சில மாதங்களில் ஒரு நாள் இட்லி சாப்பிடும்போது மேல் முன்பல் மூடியோடு கையில் வந்தது. திருப்பிப் பார்த்தால் வேரே இல்லை, கிண்ணம் மாதிரி வெறும் மூடி. அந்தப் பல் ஏழு, எட்டு வயதில் தானாக விழ வேண்டியது, வேர் கரைந்துதான் விழும். விழப்போகும் நேரத்தில் மூடி போட்டிருக்கிறார்கள். அதோடு விட்டிருந்தால்கூட பணம் போனது என்று இருந்திருப்பேன். அடுத்து, வேர் சிகிச்சை செய்த கீழ்க் கடைவாய்ப் பல்லின் ஈறில் பரு போல ஒரு கொப்புளம். அழுத்தினால் சீழ்.

போன் செய்தால் 'அந்த டாக்டர் இப்போ இங்கே இல்லை மேடம்.' நேரில் போனால் 'குழந்தை மிட்டாய் கடிச்சிருக்கும்.' பணத்தைக் கேட்டால் 'ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடுங்க.' போட்டால் 'உங்கள் கருத்துக்கு நன்றி.' அந்தக் கனிவான கோஆர்டினேட்டர் வாட்ஸ்அப்பில் நீல டிக்கோடு நின்றுவிட்டார். எக்ஸ்ரேயையாவது கொடுங்கள் என்றால், 'அது சாஃப்ட்வேர்ல இருக்கு, வெளியே தர முடியாது'! காசு கொடுத்து எடுத்தது நான், வாய் என் பிள்ளையுடையது.

கடைசியில் பல்லாவரத்தில் ரயில் ஏறி, சென்னை கோட்டை ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். கூட்டம், பெஞ்சு, காத்திருப்பு, எல்லாம் உண்டு. ஆனால் குழந்தைகள் பிரிவில் இருந்த இளம் டாக்டர், அந்த ஒரு பல்லுக்கு மட்டும் சின்ன எக்ஸ்ரே எடுத்து, கையில் பிடித்துக் காட்டி விளக்கினார். வேரில் மருந்து சரியாக நிரப்பப்படவில்லை, எலும்புவரை தொற்று போய்விட்டது, எடுத்துத்தான் ஆக வேண்டும். இடம் அடைந்துவிடாமல் இருக்க ஒரு கம்பி வளையம் போடப் போகிறார்கள். அடைத்த மூன்றில் ஒன்றைக் காட்டி, "இது பால் பல்லே இல்லம்மா, ஆறு வயசுல பின்னாடி புதுசா முளைக்கற நிரந்தரப் பல்" என்றார். அதில் நிஜமாகவே சொத்தை இருந்ததா, வெறும் கறையா? "முந்தின எக்ஸ்ரே இல்லாம நான் எப்படிச் சொல்றது?" நேர்மையான பதில். அந்த எக்ஸ்ரே ஏன் வெளியே வர மறுக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன், குழந்தை வலியில் எழுந்துவிட்டாள், சுருக்கமாகச் சொல்கிறேன். முகாம் சீட்டைப் பார்த்ததும் அதே கிளினிக்குக்கு ஓடாதீர்கள், வேறு ஒருவரிடம் காட்டுங்கள், முடிந்தால் குழந்தைகள் பல் மருத்துவத்தில் எம்டிஎஸ் (மேற்படிப்பு) படித்தவரிடம். ஒவ்வொரு பல்லுக்கும் 'இது எந்த வயதில் விழும்?' என்று கேளுங்கள். 'இன்றைக்கு மட்டும்' சலுகை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எக்ஸ்ரேயை அங்கேயே போனில் வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் பல் வாரியாகக் கணக்கும் டாக்டர் பெயரும் பதிவு எண்ணும் இருக்கட்டும். சொத்தை வந்த பிறகு அழுவதைவிட, ஃப்ளோரைடு பேஸ்ட் மூன்று வயதுவரை அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு, இரவுத் தூக்கத்தில் பால் பாட்டில் வேண்டாம்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். 34,500 திரும்பாவிட்டால் நுகர்வோர் ஆணையம்தான். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது என்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்திலிருந்து எக்ஸ்ரேயை வாங்கிய யாராவது இருந்தால், எப்படி எழுதிக் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள். எனக்கு இப்போது தேவைப்படுவது அதுதான்.