டூம்: 1993 ஆட்டமா, 2016 ஆட்டமா?

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய 486 ரகக் கம்ப்யூட்டரில்தான், அரக்கர்களைச் சுட்டுத் தள்ளும் டூம் என்ற கம்ப்யூட்டர் ஆட்டம் எங்கள் வீட்டுக்கு வந்தது. 1993-இல் இட் சாஃப்ட்வேர் (id Software) என்ற நிறுவனம் அதை வெளியிட்டது. முதல் பாகத்தை இலவசமாகவே கொடுத்தார்கள். 320-க்கு 200 புள்ளிகள், 256 நிறங்கள், அவ்வளவுதான் படம். மேலே கீழே குறிபார்க்க முடியாது, குதிக்கவும் முடியாது. ஆனால் பக்கவாட்டில் நழுவி நெருப்புருண்டைக்குத் தப்பும் அந்த வேகம்! ரகசியக் கதவு தேடிச் சுவர் சுவராகத் தட்டியதில் என் அரையாண்டுப் பரீட்சையே போனது. (கரண்ட் போனால், சேமிக்காத ஆட்டமும் போகும்.)

அதே நிறுவனம் 2016-இல் புதிதாகச் செய்த டூம் 55 ஜிபி இடம் கேட்கிறது. படம் அசத்தல், சரி. அடிபட்டுத் தள்ளாடும் அரக்கனைக் கிட்டப்போய்க் கையாலேயே முடித்தால் நமக்கு உயிர் கூடும். ஒளிந்து நிற்பவனைவிடப் பாய்பவனே பிழைப்பான். பழைய வேகத்தைப் புரிந்துகொண்டுதான் செய்திருக்கிறார்கள். ஆனால் அடிக்கடி கதவைப் பூட்டிவிட்டு, எல்லாரையும் கொன்றால்தான் வெளியே விடுகிறார்கள். பழையதில் பிடிக்காதவனை விட்டுவிட்டு ஓடிவிடலாம்.

சண்டைக்குப் புதியது, ஊர்சுற்றப் பழையது என்பேன். பையனிடம் பழையதைக் காட்டினேன். "என்னப்பா, கட்டம் கட்டமா இருக்கு" என்றான். அரை மணி கழித்து, ஆட்டத்தில் கதவு திறக்கும் நீலச் சாவி எங்கே என்று கேட்கிறான்.