நீக்கித் தருகிறேன் என்பவரிடம் படத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

நிச்சயதார்த்தம் முறிந்து மூன்று வாரம் இருக்கும். குடியாத்தத்திலிருந்து பெரியம்மா மகள் அழைத்தாள். "இன்ஸ்டாகிராமில் உன் பெயரில் ஒரு கணக்கு இருக்கிறதே, நீ தொடங்கியதா?" கணக்கு என்னுடையது இல்லை. அதிலிருந்த நான்கு படங்கள் என்னுடையவை. கட்டிக்கொள்ளப் போகிறவர்தானே என்று நம்பி அனுப்பியவை.

அவனை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நான் எழுத வந்தது அதற்கடுத்து போய் விழுந்த குழியைப் பற்றி.

இணையத்தில் பரவிய படங்களை இரண்டே நாளில் நீக்கித் தருவதாக ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. காட்பாடியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி. அந்த ஆள் மரியாதையாகவே பேசினார், தண்ணீர் கொடுத்தார். "காவல் நிலையம் போனால் பத்துப் பேர் பார்ப்பார்கள், தங்கச்சி. இங்கே நான் ஒருவன்தான்." 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். ரசீதில் 'கணினி பழுதுபார்ப்பு' என்று எழுதினார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

பிறகு இரண்டு காரியம் செய்யச் சொன்னார். வாட்ஸ்அப்பில் அவனோடு பேசியதையெல்லாம் அழிக்க வேண்டும், இல்லையென்றால் எனக்கே எதிராகத் திரும்புமாம். அழித்தேன். அடுத்தது, ஒப்பிட்டுத் தேடுவதற்காக அவனுக்கு அனுப்பிய எல்லாப் படங்களையும் தனக்கு அனுப்ப வேண்டும். மொத்தம் ஒன்பது. வெளியே வராத ஐந்தையும் சேர்த்து என் கையாலேயே அனுப்பினேன்.

நான்காம் நாள், வேறு தளங்களிலும் பரவிவிட்டது, இன்னும் 30,000 ஆகும் என்றார். எந்தத் தளம் என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. "படங்கள் என்னிடம் பத்திரமாகத்தான் இருக்கின்றன, தங்கச்சி" என்றார்.

அன்றிரவு சித்தப்பாவிடம் சொன்னேன். சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் முப்பது வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். "நானே மனமொப்பிக் கொடுத்த படம்தானே, குற்றமாகுமா சித்தப்பா?" என்றேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவை எடுத்து, அதன் விளக்கத்தில் விரல் வைத்துக் காட்டினார். படம் எடுக்க ஒப்புக்கொண்டவள் அது பிறருக்குப் போக ஒப்புக்கொள்ளவில்லை என்றால், பரப்புவது குற்றம். முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் அந்தரங்கத்தை மீறுவதற்கு 66இ பிரிவு இருக்கிறது. வெளிப்படையான பாலியல் காட்சியாக இருந்தால் 67ஏ, அதற்கு ஐந்தாண்டும் பத்து லட்சம் அபராதமும் வரை உண்டு. இவ்வளவும் சட்டத்தில் இருக்க, நான் ஜெராக்ஸ் கடை மாடியேறியிருக்கிறேன்.

மறுநாள் வேலூரில் ஒரு காவல் நிலையம் போனோம். வீடு ஆற்காடு என்றதும், "அது ராணிப்பேட்டை மாவட்டம், அங்கே போங்கள்" என்றார்கள். 2019-இல் மாவட்டத்தைப் பிரித்தது எனக்கு இப்படி வந்து சேர்ந்தது. சித்தப்பா குரலை உயர்த்தவில்லை. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம், உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்பிக்கொள்ள வேண்டும், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு அது என்றார். மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பி, பிறகு நீதித்துறை நடுவரிடம் போவோம் என்றார். ஒரு மணி நேரத்தில் நாற்காலி கொடுத்துப் பதிவு செய்தார்கள்.

சாட்சியத்துக்கு வந்தபோதுதான் என் முட்டாள்தனம் உறைத்தது. என் கைப்பேசியில் எதுவுமே இல்லை. காப்பாற்றியவள் பெரியம்மா மகள். கணக்கின் பெயர், முகவரி, தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி அன்றே திரைப்பிடிப்பு எடுத்து வைத்திருந்தாள்.

படங்களை நீக்கியது யார் என்கிறீர்களா? நானேதான், கட்டிலில் உட்கார்ந்தபடி, ஒரு பைசா செலவில்லாமல். இத்தகைய படங்களைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் சமூக ஊடக நிறுவனங்களுக்குச் சொல்லின. இன்ஸ்டாகிராமின் குறைதீர் அலுவலருக்கு இரவு எழுதினேன், மறுநாள் மாலை கணக்கே இல்லை. பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசத் தளமும் இருக்கிறது. அங்கே படம் நம் கைப்பேசியை விட்டு வெளியே போவதில்லை. படத்தின் கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும் போகும், அதைக் கொண்டு அதில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் தடுக்கின்றன. படத்தையே அனுப்பச் சொன்ன ஆளையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025-இல் ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கில், இப்படிப்பட்ட காட்சிகளை 48 மணி நேரத்தில் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் மத்திய அரசுக்கே உத்தரவிட்டதையும் சித்தப்பாதான் சொன்னார்.

பணம் ஏமாந்ததற்கு, இணைய மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைத்தேன். நாலு நாள் தாமதம், அந்த ஆளின் வங்கிக் கணக்கில் ஒன்றுமில்லை. 15,000 போனது போனதுதான். அந்த ஆள் மீதும் மிரட்டலுக்குத் தனியாகப் புகார் கொடுத்து, அவர் மடிக்கணினியைக் கைப்பற்றக் கேட்டிருக்கிறேன். மாடி அறை இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஒன்பது படங்களும் இன்னும் அவரிடம்தான்.