கிழக்கு வாசலுக்கு ஒரு சவ வண்டிச் சவாரி

பர்மாவில் மாண்டலே அரண்மனைக்குப் போகிறவர்கள் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் கிழக்கு வாசல் வழியாக மட்டும்தான் விடுவார்கள். பக்கத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு வாசல் இருந்து என்ன பிரயோஜனம்? டாக்ஸிக்காரர் என்னை மேற்கே இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார். காவலரிடம் பர்மியத்திலேயே பேசினேன், பிறந்தது இந்த ஊர்தான் என்றேன். பதிவு அட்டை கேட்டார். இருந்தது சிங்கப்பூர் பாஸ்போர்ட். சிரித்துக்கொண்டே சுற்றிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

சுற்றுவது என்றால் சும்மா இல்லை. மதில் ஒரு பக்கமே 2 கிலோமீட்டர். மேற்கு வாசலிலிருந்து கிழக்கு வாசலுக்கு 4. மின்டோன் மன்னர் 1857இல் தலைநகரை அமரபுரத்திலிருந்து இங்கே மாற்றியபோது எழுப்பிய கோட்டை. 1885இல் தீபோ மன்னரைப் பிடித்து ரத்னகிரிக்கு அனுப்பிய ஆங்கிலேயருக்குக்கூட உள்ளே நுழைய இத்தனை அலைச்சல் இருந்திருக்காது.

சிங்கப்பூரில் போனைத் தட்டினால் வாசலில் கார். இங்கே அகழிக்கரையில் நின்று நின்று கால் கடுத்ததுதான் மிச்சம். அப்போது ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. "மாமா, எங்க போகணும்? ஏறுங்க" என்றான் ஒரு பையன், நல்ல தமிழில். ஏறிய பிறகுதான் பின்னால் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தேன். சவ வண்டி! கதவின் உட்புறம் வரை, நன்கொடை கொடுத்த குடும்பங்களின் பெயரும் தொகையும் பெயின்டில் எழுதியிருந்தது.

பையன் ஒரு சின்னச் சங்கத்தில் இருக்கிறான், சம்பளம் கிடையாது. இல்லாதவர் வீட்டில் சாவு விழுந்தால் போன் வரும். எந்த மதமானாலும் எந்த இனமானாலும் காசு வாங்காமல் எடுத்துப் போய் அடக்கம் செய்கிறார்கள். மற்ற நேரத்தில் இதே வண்டி நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும். மாண்டலேயில் ப்யமசோ சங்கம் 1998இல் தொடங்கிய வழக்கம் இது. ரங்கூனில் 2001இல் நடிகர் சோ தூவும் மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். நான் ஊரை விட்டுப் போன காலத்தில் பிணம் எடுக்க வட்டிக்குக் கடன் வாங்குவார்கள்.

வாசலில் இறங்கி நோட்டை நீட்டினேன். வண்டிக்கூலி என்றால் வேண்டாம், நன்கொடை என்றால் சரி என்றான். மரியாதையாக, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டபடி வாங்கி, ரசீதும் கிழித்துக் கொடுத்தான். சிங்கப்பூரில் மாதாமாதம் என் வங்கிக் கணக்கிலிருந்து ஏதோ ஒரு தர்மத்துக்குப் பணம் போகிறது. வாங்குபவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

அரண்மனையா? பழசு 1945 சண்டையில் எரிந்துவிட்டது. இப்போது இருப்பது தொண்ணூறுகளில் கட்டியது, பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எதில் வந்தேன் என்று சொன்னேன். வாசற்படியிலேயே நிறுத்திவிட்டாள். "வண்டி காலியாகத்தான் இருந்தது" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கொல்லைப்பக்கம் போய்த் தலை முழுகிவிட்டு வந்த பிறகுதான் காப்பி கிடைத்தது.