சிபில் குறைவா? ஓடிபி சொல்வதற்கு முன் இதைப் படியுங்கள்

தீபாவளித் தள்ளுபடியில் டிவி, போன், சோபா என்று தவணைக்கு வாங்கக் கிளம்பும் மதுரைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்பதை வைத்துப் போடும் சிபில் மதிப்பெண் குறைந்தவர்கள் அவசியம் படிக்க வேண்டும். இந்த வலை அவர்களுக்காகவே விரிக்கப்படுகிறது.

2020 ஊரடங்கில் வேலை நின்றபோது என் தனிநபர் கடன் ஒன்று தடைப்பட்டது. வங்கி பேரம் பேசித் தொகையைக் குறைத்து முடித்துக்கொண்டது. கடன் தீர்ந்தாலும், 'செட்டில்டு' (முழுத் தொகையும் கட்டாமல் முடித்தது) என்ற குறிப்பு என் கடன் அறிக்கையில் தங்கிவிட்டது. 300 முதல் 900 வரையிலான அந்த அளவுகோலில் நான் 612-இல் நிற்கிறேன். வங்கிகள் பெரும்பாலும் 750-ஐ எதிர்பார்க்கின்றன.

நகருக்குள் இருக்கும் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் 42,000 ரூபாய்க்கு ஒரு டிவி பார்த்தோம். கடைக்குள்ளேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்த கடன் முகவர், "சிபிலைப் பற்றிக் கவலை வேண்டாம் அண்ணே, நான் பார்த்துக்கொள்கிறேன். வட்டி மாதம் 2 சதவீதம்தான்" என்றார். முன்பணம் 7,000 கட்டினேன். மீதி 35,000 கடன் என்பது பேச்சு. ஆதார், பான் எண்களைத் தன் டேப்லெட்டில் அவரே பதிந்தார். என் போனுக்கு அடுத்தடுத்து ஓடிபி வந்தது. ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டபோது "சரிபார்ப்புக்கு" என்ற ஒரே பதில்தான். ஒப்பந்தத்தைத் திரையில் காட்டவே இல்லை. "மெயிலுக்கு வந்துவிடும் அண்ணே" என்றார்.

மெயிலில் வந்த ஒப்பந்தத்தில் கடன் 41,800 என்றிருந்தது. கூடுதல் வாரண்டி 3,500, ஏதோ ஓர் உடல்நல அட்டை 2,400, தவணை அட்டை 900. இவற்றில் எதையும் நாங்கள் கேட்கவில்லை. எல்லாவற்றையும் அசலில் சேர்த்து, அதற்கும் வட்டி போட்டிருந்தார்கள். 15 மாதம், மாதம் 3,623 ரூபாய். நடைமுறைக் கட்டணம் என்று 1,180 தனி. மொத்தத்தையும் கூட்டினால் 42,000 ரூபாய் டிவிக்கு 62,525 ரூபாய்!

மாதம் 2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 24 என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அது நிலையான வட்டி. தவணை கட்டக் கட்ட அசல் குறைந்தாலும், முதல் நாள் அசலுக்கே கடைசி மாதம் வரை வட்டி ஓடும். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 41 சதவீதத்தைத் தாண்டுகிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டியை எல்லாம் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. கந்து வட்டிக்காரர்களுக்குப் பயந்துதான் நம் மக்கள் கம்பெனிக் கடனை நம்பிப் போகிறார்கள். அங்கேயும் இப்படி என்றால் எங்கே போவது?

தவணை பிடிக்கும் தேதியையும் அவர்களே 2 என்று போட்டுவிட்டார்கள். எனக்குச் சம்பளம் 7-ஆம் தேதி. முதல் தவணையே திரும்பியது. அவர்கள் 590 ரூபாய் அபராதம் போட்டார்கள். என் வங்கியும் தன் பங்குக்குப் பிடித்தது.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் வேறு. சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை எடுத்துப் பார்த்தேன். டிவி வாங்கிய அதே நாளில், கடன் கொடுக்கும் ஐந்து நிறுவனங்கள் என் கடன் வரலாற்றை விசாரித்திருந்தன. யாராவது ஒருவர் தரட்டும் என்று முகவர் என் விண்ணப்பத்தை எல்லோருக்கும் தட்டிவிட்டிருக்கிறார். கடன் கேட்டு நடக்கும் இத்தகைய விசாரணைகள் குவிந்தால் மதிப்பெண் மேலும் இறங்கும். ஏற்கெனவே அடிபட்டவனை இன்னும் கீழே தள்ளும் வேலை இது.

ஆகவே, மாதத் தவணை எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கையில் வரும் கடன் எவ்வளவு, கடைசியில் கட்டி முடிக்கும் மொத்தம் எவ்வளவு, எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி எவ்வளவு என்று கேளுங்கள். இவை அடங்கிய முக்கிய விவரத் தாளைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அது கைக்கு வரும்வரை எந்த ஓடிபியையும் சொல்லாதீர்கள். செயலி வழியாக எடுத்த கடன் என்றால், அபராதம் இல்லாமல் திருப்பிக் கொடுக்கச் சில நாள் அவகாசம் உண்டு; எத்தனை நாள் என்பது அதே தாளில் இருக்கும்.

கடன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன். வாரண்டித் தொகையைக் கழித்தார்கள். உடல்நல அட்டைக்கு மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்புக் கடிதத்தை இணைத்து ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் பதிந்திருக்கிறேன். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. நிறுவனம் 30 நாள் பதிலே சொல்லாவிட்டாலும் அங்கே போகலாம். என் சம்மதம் இல்லாமல் நடந்த விசாரணைகளை நீக்கக் கோரிக் கடன் தகவல் நிறுவனத்துக்கும் எழுதியிருக்கிறேன். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் அறிக்கையிலும் இப்படிப் பார்த்தால் உடனே புகார் போடுங்கள்.