ஒற்றை நட்சத்திரத்தை அப்படியே நம்பாதீர்கள்: ஃபோனில் எக்செல்

எங்கள் அடுக்ககத்தின் பராமரிப்புக் கணக்கு என் தலையில் விழுந்ததிலிருந்து மைக்ரோசாஃப்ட் எக்செல் ஆப்பை ஃபோனில் வைத்துத்தான் காலம் ஓடுகிறது. முதலில் ஆப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதற்கு விழுந்த ஒற்றை நட்சத்திரச் சண்டைக்கு அப்புறம் வரலாம்.

திரை 10.1 அங்குலத்துக்குள் இருந்தால் காசு கட்டாமலே திருத்தலாம், மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று இருந்தால் போதும். கூட்டல், வடிகட்டல், வரிசைப்படுத்தல் எல்லாம் உண்டு, மேக்ரோ (திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானாகச் செய்யவைக்கும் கட்டளைத் தொகுப்பு) மட்டும் ஓடாது. எனக்கு ரொம்பப் பிடித்தது, அச்சடித்த பட்டியலைப் படம் பிடித்தால் அதைக் கட்டம் கட்டமாக எக்செல் தாளில் இறக்கித் தரும் வசதி. கணினியில் அடித்த பில் என்றால் ஒரு நிமிட வேலை. பிளம்பர் அண்ணன் பென்சிலில் கிறுக்கிய துண்டுச்சீட்டை மட்டும் அதனிடம் காட்டாதீர்கள்.

சரி, சண்டைக்கு வருவோம். இந்தப் படம் பிடிக்கும் வசதி ஆண்ட்ராய்டுக்கு வந்த அதே 2019 மார்ச் வாக்கில்தான் பிளே ஸ்டோரில் எக்செலுக்கு ஒற்றை நட்சத்திரங்கள் குவிந்தன. காரணம் ஆப் இல்லை, பெயரில் மட்டும் எக்செல் இருக்கும் சோப்புத்தூளான சர்ஃப் எக்செல் ஹோலிக்காக விட்ட விளம்பரம். வெள்ளை டீஷர்ட் போட்ட ஒரு சிறுமி சைக்கிளில் தெருத்தெருவாகப் போய், பிள்ளைகள் கையிலிருக்கும் கலர் மொத்தத்தையும் தன் மேலேயே அடிக்கவைத்துத் தீர்க்கிறாள். தீர்ந்ததும், வெள்ளைக் குர்தாவில் இருக்கும் முஸ்லிம் நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் மசூதி வாசலில் இறக்கிவிடுகிறாள். தொழுதுவிட்டு வருகிறேன் என்கிறான், அப்புறம் உன் மேலேயும் கலர் விழும் என்கிறாள், அவ்வளவுதான்.

இதைப் பார்த்து நெகிழ்ந்தவர்கள் ஒரு பக்கம். ஹோலியைவிடத் தொழுகையைப் பெரிதாகக் காட்டுகிறார்கள், பண்டிகைக் கலரைக் கறை என்கிறார்கள், இது லவ் ஜிகாத் (இந்துப் பெண்களைக் காதல் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு) என்று பொங்கிப் புறக்கணிப்பு ஹேஷ்டேக் போட்டவர்கள் இன்னொரு பக்கம். நம்மூரில் சவுகார்பேட்டையைத் தாண்டினால் ஹோலி அவ்வளவாகக் கிடையாது, அதனால் இங்கே பலருக்கு அது 'கறை நல்லது' வரிசையில் இன்னொன்று. அந்த வயசுப் பிள்ளைகளிடம் லவ் ஜிகாத் தேடுவது எனக்கு அபத்தமாகத்தான் படுகிறது. ஆனாலும் தேடியவர்கள் கண்ணில் பட்டதும் அதே சைக்கிள், அதே கலர்தான். சந்தேகம் மட்டும் விளம்பரத்துக்கு முன்பே அவர்களிடம் இருந்தது.

ஒரு செய்தியைப் பார்க்கிறவர்கள் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று 1973-இல் ஊடக ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் எழுதியதை ஊடகப் பாடம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அனுப்பியவர் நினைத்தபடியே வாங்கிக்கொள்கிறவர், பாதியை ஏற்று மீதிக்குப் பேரம் பேசுகிறவர், எதிர்த்தே படிக்கிறவர் என்று மூன்று விதம் சொன்னார். நெகிழ்ந்தவரையும் பொங்கியவரையும் அதில் சுலபமாக உட்கார வைத்துவிடலாம், எண்ணமெல்லாம் நல்லதுதான், சோப்புத்தூள் விற்க மதம் எதற்கு என்று இழுக்கிறவருக்கும் நடுவில் இடம் இருக்கிறது. சோப்புத்தூள் மேலுள்ள கோபத்தைக் கணக்குப் போடும் ஆப்பில் வந்து கொட்டியவரை எங்கே வைப்பது?

அதிலும் ஒரு சிக்கல். அந்த விமர்சனங்களில் சில நிஜமாகவே பெயர் குழம்பிப் போட்டவை, சில அப்படிக் குழம்பியவர்களைக் கேலி செய்யப் போட்டவை மாதிரி இருக்கின்றன. எது எது என்று வரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை. புறக்கணிப்பை ஆதரிக்கிறவருக்கு எல்லாமே கிண்டல், எதிர்க்கிறவருக்கு எல்லாமே முட்டாள்தனம். விளம்பரத்துக்கு நடந்தது விமர்சனத்துக்கும் நடந்துவிட்டது! இதற்கு முன்பு 2017-இல் ஸ்னாப்சாட் என்ற படம் பகிரும் ஆப் மேல் கோபப்பட்டவர்கள், பெயர் குழம்பி, சம்பந்தமே இல்லாத ஸ்னாப்டீல் என்ற ஆன்லைன் கடைக்கும் ஒற்றை நட்சத்திரம் குத்தியிருந்தார்கள், அதனால் இது புது வியாதியும் இல்லை.

ஆக, ஆப் இறக்கும் முன் சராசரி ரேட்டிங்கைப் பார்த்து முடிவெடுக்காமல், சமீபத்திய விமர்சனங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள், அதிலும் எந்த வசதி எந்த ஃபோனில் ஓடவில்லை என்று குறிப்பாக எழுதியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கணக்கு, சீட்டுக் கணக்கு, சங்கக் கணக்குக்கு இந்த ஆப் தாராளமாகப் போதும். நான் நாலு நட்சத்திரம் போட்டிருக்கிறேன், ஒன்றைக் குறைத்தது மேக்ரோ இல்லாததற்கு.